ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்தவர்கள்

செல்போன் ரிப்பேர் கடைக்காரனிடம் யாரும் போன் வாங்குவதற்கு முன்னால் வருவதில்லை. வாங்கிவிட்டு, ஸ்கிரீன் கார்டு ஒட்டத்தான் வருவார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. பாதி விலைக்குப் புது போன் வாங்கி ஏமாந்த புண்ணியவான்களே, உங்கள் வயிற்றெரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. கார்டை ஒட்டும்போதே "இது டூப்ளிகேட்டுங்க" என்று சொல்லித் தொலைக்கிற வாய் எனக்கு. விற்றவனை விட்டுவிட்டு என்னைத்தான் எல்லாரும் முறைப்பார்கள்.

பிரிக்காத மூட்டை

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் ஒருவர், பின்பக்கம் மூன்று கேமரா வைத்த போனைப் பெருமையாக நீட்டினார். ஜூமை மாற்றி மாற்றி வைத்து, கேமராக்களை ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்தேன். மேலே உள்ள இரண்டையும் மூடினாலும் திரையில் படம் மறையாமல் அப்படியே தெரிகிறது. அவை இரண்டும் வெறும் கண்ணாடி.

மனிதர் மூட்டைக்குள் கையை விட்டு, அடி வெங்காயத்தை எடுத்து மோந்து பார்த்துத்தான் விலையே பேசுவார். "உங்களையே ஏமாத்திட்டானா?" என்று கேட்டுவிட்டேன்.

"பெட்டி சீலைப் பிரிச்சா வாரண்டி போயிடும்னான் தம்பி. வெங்காயக்காரன் எவனும் இப்படிச் சொன்னதில்லீங்களா, அசந்துட்டேன்."

துளசி சாத்திய போன்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு மாமா வந்தார். அவர் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப் புது போன் வாங்கியிருந்தார். பெட்டியைத் திறந்தால் போனின் மேல் துளசி, முதுகில் மஞ்சள் தீற்றல். "எங்காத்துப் பெருமாள் திருவடியில வெச்சு சேவிச்சாச்சு, நீர் கார்டை மட்டும் ஒட்டும்" என்றார்.

என் கை சும்மா இருக்குமா? ஸ்டார், ஹேஷ், பூஜ்ஜியம், ஆறு, ஹேஷ் என்று அடித்தேன். போனின் அடையாள எண் திரையில் வந்தது. பெட்டியில் அச்சடித்த எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "மாமா, இது டூப்ளிகேட். திருப்பிக் கொடுத்துடுங்க, சம்பந்தி வீட்டார் முன்னாடி தலைகுனிவாப் போயிடும்" என்றேன். முகம் சிவந்து, கார்டுகூட ஒட்டாமல் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார்.

"பெருமாளே ஏத்துண்டாச்சு, நீர் யாருங்காணும் வேண்டாங்கறதுக்கு?"

மஞ்சள் தீற்றல்

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பாழாய்ப்போன போனால் அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் கசப்பு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை ஓர் இளைஞர் வந்து இரண்டு போன்களை எடுத்து வைத்தார். ஒன்றின் முதுகில் அதே மஞ்சள். மாப்பிள்ளையேதான்! வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கார்டை எடுத்தேன்.

அவரே குரலைத் தாழ்த்தி, "இது டூப்ளிகேட்னு தெரியும்ணா. நிச்சயத்தன்னிக்கு போட்டோ எடுக்கறச்சேயே தெரிஞ்சுடுத்து. மாமா பாவம், ஆசையா வாங்கியிருக்கார். நான் மூச்சே விடலை" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"இந்த இன்னொண்ணு?" என்றேன்.

"அவளுக்கு நான் வாங்கிக் குடுத்தது. கார்டு ஒட்டித் தரேன்னு பெட்டியோட வாங்கிண்டு வந்தேன். எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்கோ."

பார்த்தேன். பெட்டியில் ஒரு எண், திரையில் வேறு எண். நான் வாயைத் திறக்கவில்லை, என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் போனையும் பெட்டியையும் வாங்கி, இரண்டு எண்ணையும் தானே ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"'கார்டெல்லாம் எதுக்கு, வீண் செலவு'ன்னு காலம்பறவே அவ சொன்னாண்ணா. இப்பன்னா புரியறது, அவளும் மூச்சே விடலை!"

அன்றைக்கு அந்த இரண்டு டூப்ளிகேட்டுக்கும் கடையிலேயே உசத்தியான ஒரிஜினல் கார்டாகப் பார்த்து ஒட்டிக் கொடுத்தேன். அந்த ஜோடிக்கு அதுதான் பொருத்தம்.