தெளிவாகத்தான் இருந்தார்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். சோப்பு, பிஸ்கட், குளிர்பானம். இரண்டு வருடமாக எனர்ஜி டிரிங்க் டப்பாக்கள்தான் அதிகம் போயின. வாங்குகிறவர்களில் பலர் அதைப் பிராந்தியில் கலந்து குடிப்பது எனக்குத் தெரியும். என் கணவரும் அப்படித்தான். பட்டு நெய்கிறவர், வேலை நாளில் தொடமாட்டார். கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும்.

போன வைகாசியில் மாகறலில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது என் கணவர்மேல் பிராந்தி வாடை வந்தது. "பஸ்ஸுல போயிடலாங்க" என்றேன்.

"எதுக்குமா? கலந்துதான குடிச்சேன், ஏறவே இல்ல. பாரு."

கையை நீட்டிக் காட்டினார். விரல் நடுங்கவில்லை. பேச்சு குழறவில்லை. பைக்கில் ஏறி அவர் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரைத் தாண்டியதும் ஒரு வளைவு. தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா சாலையோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். என் கணவர் அவரைப் பார்த்தார். "ஓரமா போம்மா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பார்த்தும் வண்டியைத் திருப்பவில்லை. மோதி, மூன்று பேரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்புதான். அந்த அம்மாவின் கால் மடங்கிக் கிடந்த விதத்தைப் பார்த்ததும் உடைந்துவிட்டது என்று தெரிந்தது.

கூடியவர்களில் ஒருவர், "குடிச்சிருக்கானா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. பாருங்க, நல்லாத்தான பேசிக்கினு இருக்காரு" என்றேன் நான். அவர்கள் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் பொய் நிற்கவில்லை. என் கணவரே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர், "அந்த டப்பாவுல இருக்கறது காப்பி மாதிரி, தூக்கத்தத்தான் தள்ளி வெக்கும்பா. போதை அப்படியேதான் இருக்கும். குடிச்சவனுக்குத் தெரியாது, அவ்ளோதான்" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வழக்கு நடக்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவைப் பார்க்க அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்தார். அன்று நான் சொன்னது பொய், என் கணவர் பிராந்தியில் எனர்ஜி டிரிங்க் கலந்து குடித்திருந்தார் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அதெல்லாம் எங்கமா விக்கிறாங்க?" என்று கேட்டார்.

"பிராந்தி கவர்மெண்ட் கடையில. அந்த டப்பா எங்கடையிலதான்."

மாவுக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "மாட்டை வித்துட்டோம். பாத்துக்க ஆளில்ல" என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மீதமிருந்த டப்பாக்களைத் திருப்பி அனுப்பினேன். எதிர்க்கடையில் இப்போது அதையே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிராந்தியையும் இதையும் ஒரே டப்பாவில் கலந்து அடைத்து விற்பதை அரசாங்கம் தடை செய்யவேண்டும் என்று யாராவது பேசினால் நான் சரி என்பேன். ஆனால் எங்கள் தெருவில் அப்படி அடைத்து வருவதில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக வாங்கித் தாங்களே கலக்கிறார்கள். இதைச் சொன்னபோது என் கணவர், "தடை போட்டா காப்பித்தூளக் கலப்பானுங்கமா" என்றார். ஆனாலும் தடை வேண்டும் என்றே தோன்றுகிறது. தெளிவாக இருக்கிறோம் என்று நம்பவைக்கிற ஒன்றை, மதுவுக்குப் பக்கத்திலேயே கை நீட்டினால் கிடைக்கும்படி ஏன் வைக்கவேண்டும்?

என் கணவர் இப்போது குடிப்பதில்லை. அந்த அம்மா கோல் ஊன்றி நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மறுபடி போய்ப் பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.