உறை பிரிக்காத சோபாவும் ஒரு மாப்பிள்ளையும்

நல்ல பொருள் ஒன்று கையில் இருந்தால் அதை அனுபவிப்பதா, பத்திரப்படுத்துவதா? சோபாக்காரம்மாவின் கூடத்தில் கால் வைத்த எவருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். ஊரில் பாதி வீட்டுச் சோபாக்களுக்கு அவர்தான் துணி மாற்றித் தைத்தார். அவருடைய சொந்தச் சோபாவோ, வெளிர்மஞ்சள் துணியில் ஆசை ஆசையாகத் தைத்து முடித்த நாள் முதல் கனத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கிடந்தது. உட்கார்ந்தால் சரசரக்கும். வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவருடைய கணவர், இதைவிட டிரைவர் சீட்டே சுகம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். சோபாக்காரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறையின் மேல் தூசி தட்டுவதோடு சரி.

இப்படிப்பட்டவர் ஒரு நாயை, அதுவும் அந்த நாயை, வீட்டுக்குக் கூட்டிவருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வெட்டி மிஞ்சிய பஞ்சுத் துண்டுகளை நாய்களுக்குப் படுக்கையாகட்டும் என்று காப்பகத்தில் கொடுக்கப் போனார். அங்கே ஒரு காது மடங்கிய, வளர்ந்த பழுப்பு நிற ஆண் நாய் ஒன்று அவர் உடையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூளை முகர்ந்தது; பெரிதாக ஒரு தும்மல் போட்டது; பிறகு அவர் பாதத்தின் மேல் முகவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவர் காலை எடுக்கவில்லை.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் எதையும் மறைக்கவில்லை. "தங்கமான பையன்தான்க்கா. ஆனா வீட்டுக்குள்ள விட்டா மூலைக்கு மூலை காலைத் தூக்குவான். மூணு வீட்டுலேர்ந்து திரும்பி வந்துட்டான்."

இரண்டு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்பது அங்கே வழக்கம். இந்த முறையும் திரும்பி வந்தால் பின்கட்டுக் கூண்டுதான், இனி யாரிடமும் காட்டப்போவதில்லை என்றாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்த நாய், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் போலக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. சுவரைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது, நேராகச் சோபாவிடம் போய்க் காலைத் தூக்கியது. பிளாஸ்டிக் உறை அத்தனை வருடங்களில் முதல் முறையாகத் தன் வேலையைச் செய்தது.

"மாப்பிள்ளை வந்ததும் வராததுமா அதிகாரத்தைக் காட்டிட்டாரு," என்றார் டிரைவர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

மாப்பிள்ளையிடம் வேறு குறை சொல்ல முடியாது. தெருவில் கண்ணியம், சாப்பாட்டில் நிதானம். தையல் மிஷினுக்கு அடியில் படுத்தால் அதன் சத்தமே தாலாட்டு. வீட்டுக்குள் மட்டும் கதவு நிலை, அலமாரி, டிரைவரின் செருப்பு என்று எதையும் விடவில்லை. சோபாக்காரம்மா தைக்க வரும் பழைய துணிக்குப் போடும் காரநெடித் திரவத்தால் துடைக்கத் துடைக்க, அதே இடத்தில் அது இன்னும் அக்கறையாகத் தூக்கியது. அந்த நெடி நாய்க்கு வேறொரு நாய் வந்துபோனது போலிருக்கும் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான், போட்டிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. ஏற்கெனவே கருத்தடை செய்த நாய். பழக்கம் மெல்லத்தான் விடும், முழுக்க விடாமலும் போகலாம் என்றார் மருத்துவர். அதுவரை, காலைத் தூக்கினாலும் வெளியே சிந்தாதபடி வயிற்றைச் சுற்றி ஒரு பட்டை கட்டிவிடுங்கள் என்றும் சொன்னார்.

தைக்கிற வேலை என்றதும் சோபாக்காரம்மாவின் முகம் தெளிந்தது. முதல் பட்டை இறுக்கியது. இரண்டாவதை மாப்பிள்ளை கழற்றிப் போட்டுவிட்டு நடந்து போனது. மூன்றாவது, உள்ளே ஈரம் உறிஞ்சும் துண்டும் வெளியே பொன்னிற இலைகள் போட்ட கரும்பச்சை வெல்வெட்டுமாக, அளவெடுத்த கோட்டு போல உட்கார்ந்தது.

அந்த வெல்வெட் பல் டாக்டருடையது. அவருடைய மருத்துவமனைச் சோபாவுக்கு அவரே தேடி வாங்கிக் கொடுத்த துணி. மிச்சம் இருக்கிறதா என்று அவர் போனில் கேட்டபோது, சரியாகப் போய்விட்டது என்று சோபாக்காரம்மா சொல்லியிருந்தார். அந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் வரும் பதில்தான்.

இரண்டாம் வாரத்தின் கடைசி நாளில் டாக்டர் சோபாவை எடுத்துப்போக வந்தார். மிஷினுக்கு அடியிலிருந்து மாப்பிள்ளை சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. டாக்டர் சோபாவைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மறுபடி சோபாவைப் பார்த்தார்.

"என்னம்மா, என் சோபா நடந்து வருது?"

சோபாக்காரம்மாவின் கை பட்டையை நோக்கி நீண்டு பாதியில் நின்றது. பட்டையைச் சட்டென்று கழற்றி மறைக்கலாம். கழற்றினால், அரை அடி தூரத்தில் புத்தம் புதுச் சோபா. அவர் யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை சோபாவின் காலை முகர்ந்தது, பின்னங்காலைத் தூக்கியது. நாய் காலை இறக்கி, வேலை முடிந்த திருப்தியோடு நகர்ந்தது. சோபாவின் மேல் ஒரு சொட்டு இல்லை.

"துணி மிச்சம் இருந்துச்சு டாக்டர்," என்றார் சோபாக்காரம்மா. "இல்லைன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் குனிந்து பட்டையின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார். "என் சோபாவைவிட இவனுக்கு நல்லாத் தைச்சிருக்கீங்க." பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், நிற்க முடியாமல் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார். "பயந்துக்கிட்டு வர்றவங்ககிட்ட இந்தக் கதையைச் சொன்னாப் போதும், வாயைத் தானாத் திறந்துடுவாங்க." மிச்சத் துணியை அவர் கேட்கவில்லை. மாற்றிக் கட்ட இன்னொரு பட்டை தேவைப்படும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

சாயங்காலம் டிரைவர் நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். "இன்னைக்குத்தானே சொல்லணும்? கொண்டுபோய் விட்டுடணுமா?" கேட்டாரே தவிர மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

சோபாக்காரம்மா காப்பகத்துக்குப் போன் செய்தார். பழக்கம் போய்விட்டதா என்று அந்தப் பெண் கேட்டாள். போகவில்லை, போகுமா என்றும் தெரியாது என்றார். அப்படியென்றால் என்ன செய்வதாக உத்தேசம் என்று அவள் தயங்கினாள்.

"மாப்பிள்ளைன்னு பேர் எழுதிக்கம்மா. இங்கேயே இருக்கட்டும்."

டிரைவர் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு, கண்ணில் தூசி விழுந்தது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் திரும்பிப் பார்த்தபோது சோபாக்காரம்மா பெரிய கத்தரிக்கோலை எடுத்திருந்தார். மஞ்சள் சோபாவின் பின்புறத்திலிருந்து தொடங்கி, பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் வெட்டிக்கொண்டே வந்தார். இத்தனை வருடம் தேவையே படாத உறை. தேவைப்பட ஆரம்பித்தே இரண்டு வாரம்தான் ஆகிறது.

"ஏம்மா, இப்பப் போயா?" என்றார் டிரைவர்.

"காலை நகர்த்துங்க," என்றார் அவர். உறையைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சோபா சத்தம் போடவில்லை. பக்கத்தில் லேசாகத் தட்டியதும், பச்சை வெல்வெட் பட்டையோடு மாப்பிள்ளை மேலே ஏறிப் படுத்தது.