அக்காவுக்குச் சளி

எனக்கு ஒன்பது வயதானபோது அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே கட்டில், ஒரே போர்வை. எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். நான் என்ன தப்பு செய்தேன் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். அவளுடைய ஓட்டச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் பாசாருக்குப் போனதுதான் காரணம் என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தேன்.

அம்மா இல்லாத வீடு அது. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்குப் பிறை என்ற பக்கத்து ஊரில் தொழிற்சாலை வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அக்காவின் ஓட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. தேசியக் குழுவில் சேர அவள் அந்த வருட நானூறு மீட்டர் ஓட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தாக வேண்டும். அதற்காகச் சில மாதங்களுக்கு முன் ஜிம் வைத்திருந்த ஒருவரிடம் சொல்லி ஒரு புட்டி மாத்திரை வாங்கி வந்திருந்தார்.

"எல்லாரும் போடுறாங்க. நீ மட்டும் சும்மா ஓடினா எப்படி ஜெயிப்ப? வைட்டமின் மாதிரிதான் லா."

"அப்புறம் ஏம்ப்பா கோச்சுகிட்ட சொல்லக்கூடாதுங்கிறீங்க?"

அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அவர் முகத்துக்காக அக்கா விழுங்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் நானும் அவளும் கோயிலில் சேர்ந்து தேவாரம் பாடுவது வழக்கம். பேச்சு நின்றதோடு அதற்கும் வராமலிருந்தவள், நவராத்திரி மேடைக்கு மட்டும் அப்பாவின் வற்புறுத்தலால் வந்தாள். நான் பாடத் தொடங்கினேன். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். என் ஒற்றைக் குரல் இரண்டு வரி தள்ளாடி நின்றுபோனது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேண்டுமென்றே என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று பொருமினேன். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய மாத்திரை முழுவதையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் அப்பா காலிப் புட்டியோடு வந்து நின்றார்.

"யார் வேலை இது?"

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நான்தான் கொட்டினேன். இனிமே வாங்கிட்டு வராதீங்கப்பா."

அது அவள் குரலே இல்லை. மீசை முளைக்கும் பையனின் குரல்போல உடைந்து கரகரத்தது. அப்பாவும் அன்றுதான் அதை முழுதாகக் கேட்டார் போலும். நாற்காலியில் உட்கார்ந்தவர் வேலைக்குப் போகவில்லை.

போட்டியில் அக்கா நான்காவதாக வந்தாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததால் அவளுடைய கோபம் தீர்ந்துவிட்டது என்பதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. குரலுக்குச் சளிதான் காரணம் என்று நானே தீர்மானித்துக் கற்பூரவல்லி இலை கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கி மென்றாள். அந்த மாத்திரை பெண்பிள்ளைகளின் குரலை ஒருமுறை மாற்றிவிட்டால் பழைய குரல் திரும்ப வராது என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அவளுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

போட்டி முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் மட்டும் போனேன். பாய் நிறையப் பிள்ளைகள். என் பக்கத்தில் உட்கார வந்தவர்களையெல்லாம், "இங்க எங்க அக்கா உட்காருவா, தள்ளிப் போ" என்று விரட்டினேன். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் விரட்டிக்கொண்டிருந்தேன்.