பற்றரி இறங்கினால் மிச்சக் கதை

யுத்த காலத்தில், உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் மின்சாரம் கிடையாது. அயலவர் எல்லாரும் கூடிப் பார்த்த எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி கார் பற்றரியில்தான் ஓடியது. ஒவ்வொரு வீடாக முறை வைத்துப் பற்றரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பட்டினத்தில் சார்ஜ் ஏற்றி வருவோம். நாடகம் முடியும்முன் பற்றரி இறங்கிவிட்டால், மிச்சக் கதையை அன்று சார்ஜ் ஏற்றி வந்த முறைக்காரர் சொல்ல வேண்டும். அம்மா சொன்ன மிச்சக் கதைகளில் மாமியார்கள் எல்லாரும் தங்கமானவர்கள். அண்ணாவுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது.

ஒழுங்கைப் பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அறுபதைத் தாண்டியவர். பிறந்தபோது ஆண்பிள்ளை என்று சொல்லப்பட்டவர்; நான் பிறக்கும் முன்பே சேலைக்கு வந்துவிட்டார். திருநங்கை என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. அக்கா என்பதே போதுமாக இருந்தது.

அந்நாளில் ஓடிய இந்திய நாடகம் ஒன்றில் ஒரு வயதான திருநங்கை வருவார். மீசை மழித்த ஒரு நடிகர்தான். சந்தியில் நின்று கைதட்டுவார், கதாநாயகனை ஆசீர்வதிப்பார், காணாமல் போய்விடுவார்.

"கைக்குழி வெட்டினது பிழை, தோளிலை இழுக்குது. இந்தச் சட்டையைத் தைச்சவனைப் பிடிச்சு உள்ளை போடோணும்," என்பார் அக்கா. "இவவுக்கு வீடு வாசல் இல்லையோ? எப்ப பாத்தாலும் சந்தியிலை நிக்கிறா. ஒருநாளாவது ஒரு வாய் சாப்பிட்டவவோ?"

ஒரு நாள் அந்தத் திருநங்கை, கதாநாயகனுக்கு விழவேண்டிய கத்திக்குத்தைத் தான் வாங்கிக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக் கதவு மூடியது. அதோடு பற்றரியும் இறங்கியது. அன்று அக்காவின் முறை.

"செத்திட்டா போலை," என்றார் அம்மா.

"ஆர் சொன்னது? என்ரை முறை, நான் சொல்லுறன்." அக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காயம் ஆறி வீட்டை வந்திட்டா. சொந்த வீடு. புட்டு அவிச்சு, சுறா வறை வைச்சவ. அயலிலை உள்ளவை பாக்க வந்தவை. கதாநாயகன் வெறுங்கையோடை வந்து நல்லாப் பேச்சு வாங்கினவன்."

"உப்பிடி ஒரு நாடகத்திலையும் வராது. அப்பிடியான ஆக்களைக் கடைசியிலை சாக்காட்டிப்போடுவினம்," என்றார் அம்மா.

நாடக விஷயத்தில் அம்மா பெரிய நீதவான். யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அக்கா எழுந்தார்.

"அப்ப நான் என்னத்துக்கு இனி வாறது?" என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அம்மா மேல் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடும்போதும் நான் அவரோடு கதைக்கவில்லை.

மறுநாள் அம்மாவின் முறை. தைக்கத் துணி இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, அக்காவைக் கையோடு கூட்டி வந்து அதே கதிரையில் இருத்தினார். நாடகம் தொடங்கியது. திரையில் ஒரு சுவர், அதில் ஒரு படம், அதற்குப் பெரிய மாலை. முகம் தெளிவாகத் தெரியும் முன்பே அம்மா எழுந்துபோய்ப் பற்றரிக் கிளிப்பைக் கழற்றினார்.

"பற்றரி இறங்கிட்டுது," என்றார், கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே. அன்று காலைதான் நிறைய சார்ஜ் ஏற்றியிருந்தோம்.

"என்ரை முறைதான். ஆனா எனக்குச் சொல்ல ஏலாது. அக்கா, புட்டு அவிச்ச இடத்திலையிருந்து நீங்களே சொல்லுங்கோ."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"பாக்க வந்தவையிலை ஒருத்தி," என்று தொடங்கினார், "கொஞ்சம் வாய்க்காரி. எண்டாலும் அவவுக்கும் புட்டுப் போட்டுக் குடுத்தவ."