பத்துக் கூறு டிக்கெட்

இராஜகுமாரி முப்பது வருஷம் கட்டிக் காத்த பெயரை ஒரே பின்னேரத்தில் கெடுத்துக்கொண்டாள். அதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மாநகர சபை அலுவலகத்தில் அவளும் நானும் எதிரெதிர் மேசை. கண்டி டவுனில் பண்டிகைக் காலத்து நடைபாதைக் கடைகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. பூ விற்கிறவளும் சரி, அவளோடு தினமும் சண்டை பிடிக்கிற செருப்புக்காரரும் சரி, "ராஜி மிஸ் பிரிச்சா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். என்னைப் பற்றி இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன்?

அவள் பிறந்தது தெல்தோட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். வாழ்க்கைப்பட்டது கெலிஓயாவில். இதில் ஒரு குற்றமும் இல்லை, இரண்டு ஊருக்கும் கால்பந்து என்று ஒன்று இல்லாமல் இருந்தால். தம்பி ரமேஸ் தெல்தோட்டைக் கழகத்துக்குச் செயலாளர். புருஷன் சேதுராமன், ஹார்ட்வெயர் கடைக்காரர், கெலிஓயாக் கழகத்துக்குச் செயலாளர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தில் கெலிஓயாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. "ரெஃப்ரிக்கு எங்க மச்சான் வீட்டுலதான் புரியாணி" என்று ரமேஸ் பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னான். அது சேதுராமனின் காதுக்கு வர அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து மச்சானும் மச்சானும் பேசுவதில்லை. ரமேஸ் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இரண்டு தீபாவளிக்கும் அவள்தான் முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தெல்தோட்டை பஸ் ஏறினாள்.

இந்த வருஷம் இறுதிப் போட்டிக்கு வந்தது இதே இரண்டு கழகங்கள். விதி என்றால் இப்படித்தான் இருக்கும்.

டவுன் மைதானத்தில் கூரை போட்ட பெவிலியன் ஒன்றுதான். அதில் முந்நூறு கதிரை. மற்ற எழுநூறு பேரும் எதிர்ப்பக்கத்துச் சீமெந்துப் படியில் வானம் பார்த்து உட்கார வேண்டும். கண்டி மழையோ மூன்று மணிக்கு மேல் யாருக்கும் தவணை கொடுக்காது. போன வருஷம் சீட்டுக் குலுக்கி, கூரை முழுவதையும் ஒரு கழகத்துக்கே கொடுத்தார்கள். மற்றவர்கள் குடையோடு வந்தார்கள். முன்னால் இருப்பவன் குடை விரித்தால் பின்னால் இருப்பவனுக்குப் பந்து தெரியாது. அடிபாட்டில் பாதிக் குடை கம்பியும் துணியும் வேறு வேறாய்ப் போயிற்று.

அதனால்தான் போட்டிக் கமிட்டித் தலைவர் முஹைதீன் ஹாஜியார் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்.

"ராஜி மகள், ஒங்கள நம்பித்தான் வந்தீக்கிறன். ரெண்டு பக்கமும் ஒங்களுக்குச் சொந்தம். நீங்க டிக்கெட்டப் பிரிச்சா ஒத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க" என்றார்.

இரண்டு கழகமும் அன்றைக்கே சம்மதித்தன. நியாயத்தின் மேல் இருந்த ஆசையால் என்று நினைத்துவிடாதீர்கள். தெல்தோட்டைக்காரர்கள் "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று கணக்குப் போட்டார்கள். கெலிஓயாக்காரர்கள் "நம்ம வீட்டு மருமக" என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த நாள் ரமேஸ் போன் எடுத்து, அக்காவின் முழங்கால் வலியைப் பற்றிப் பத்து நிமிஷம் விசாரித்தான். சேதுராமன் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றி அவளுக்குக் கொண்டுவந்து வைத்தார். சீனி போட மறந்துவிட்டாராம்.

அவள் என்னிடம் வந்து அழாக் குறையாகச் சொன்னாள்: "தம்பி பக்கம் ஒரு டிக்கெட் கூடிப்போனா இந்த மனுசன் வருசம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாரு. இங்க ஒண்ணு கூடிப்போனா தம்பி போன் எடுக்கிறதையும் நிப்பாட்டிருவான். எனக்கு இருக்கிறதே ஒரு தம்பிதான்டி."

பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்தில் காவல்தெய்வம் ரோதைமுனிக்குக் கிடா வெட்டினால், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து வீட்டுக்கு ஒரு கூறு போடுவார்கள். எல்லாக் கூறிலும் எல்லாம் இருக்க வேண்டும். சதை கொஞ்சம், எலும்பு கொஞ்சம், ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு. போட்டு முடித்ததும் ஒரு ஆள் கூறுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "இது யாருக்கு?" என்று கேட்டால், பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். சொன்ன பெயருக்கு அந்தக் கூறு. அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

கமிட்டி அறையில் மேசைகளை ஒட்டிப் போட்டாள். ஒன்றாம் நம்பர் டிக்கெட் முதல் கூறில், இரண்டாம் நம்பர் இரண்டாம் கூறில் என்று சீட்டாட்டத்துக்குப் போடுவது போல் ஆயிரத்தையும் பத்துக் கூறாகப் போட்டாள். ஒவ்வொரு கூறிலும் கூரை முப்பது, படி எழுபது. முன்வரிசையும் உண்டு, தூண் மறைக்கிற கதிரையும் உண்டு. ஹாஜியார் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்து நின்றார். "இது யாருக்கு?" என்றாள். "தெல்தோட்ட." "இது?" "கெலிஓயா." இப்படியே மாறி மாறி ஐந்துக்கு ஐந்து முடிந்தது. ரமேஸ் ஒரு பக்கமும் சேதுராமன் ஒரு பக்கமும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், டிக்கெட்டை மட்டும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒரு எலும்புத் துண்டுகூட அகப்படவில்லை. நானும் கைதட்டினேன், எரிச்சலோடு.

போட்டியன்று காலையில் ரமேஸ் போன் எடுத்தான். "அக்கா, எனக்கு முன்வரிசையில ஏழு. எட்டாம் நம்பர் யாருகிட்ட இருக்கு?"

எட்டாம் நம்பர் அவள் வீட்டு அலுமாரிக் கண்ணாடியில், சேதுராமனின் புதுச் சட்டைக்குப் பக்கத்தில் செருகியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கறிக் கூறு அவரவர் சட்டிக்குப் போய்விடும். டிக்கெட் கூறோ பின்னேரம் மூன்றரைக்குத் திரும்பவும் ஒரே சட்டிக்கு வந்து சேரும். ஒரு தெல்தோட்டை, ஒரு கெலிஓயா என்று ஆயிரம் பேரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறாள். உலகத்தில் எந்த மைதானத்திலும் எவனும் செய்யாத வேலை. விஷயத்தைக் கேட்ட பொலிஸ் சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவள் உள்ளே வரவில்லை. வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒரு கூறிலிருந்து ஒரு டிக்கெட் எனக்குக் கிடைத்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். ரமேசுக்கும் சேதுராமனுக்கும் நேர் பின்னால் இருந்தேன்.

தெல்தோட்டை முதல் கோல் போட்டது. ஒவ்வொரு வரிசையிலும் ஒருவன் துள்ளி எழுந்தான், அடுத்தவன் அசையாமல் இருந்தான். பெவிலியன் பல்லுப் போன சீப்பு மாதிரி இருந்தது. கூட்டமாகச் சேர்ந்து கத்த ஆளில்லை. பக்கத்தில் இருப்பவனின் ஊரைத் திட்ட வேண்டுமென்றால் அவன் காதிலேயே திட்ட வேண்டும், அதற்குத் தைரியம் போதவில்லை. மழை வந்ததும் படியில் ஒரு குடைக்கு இரண்டு ஊர்க்காரர் ஒடுங்கினார்கள். ரெஃப்ரிதான் பாவம். இரண்டு ஊரும் பொதுவாகத் திட்டக்கூடிய ஒரே ஆள் அவராகிவிட்டார்.

கெலிஓயாவின் ஆட்டக்காரன் ஃபாஸில் இரண்டு கோல் திருப்பிப் போட்டான். கடைசி நேரத்தில் தெல்தோட்டை ஒரு கோல் அடித்தது. ஆஃப்சைட் என்று கொடி தூக்கினார்கள். ரமேஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். சேதுராமன் கடலைப் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அது ஆஃப்சைட் இல்ல" என்றார், யாருக்கோ சொல்வது போல.

ரமேஸ் திரும்பினான். "என்னா சொன்னீங்க?"

"ஆஃப்சைட் இல்லேன்னேன். என் கண்ணு முன்னாலதானே நின்னான்."

ஆட்டம் கெலிஓயாவுக்கே போயிற்று. இரண்டு பேரும் ஒன்றாக வாசலுக்கு வந்தார்கள், அவளைத் திட்டுவதற்கு.

"இப்புடியா அக்கா டிக்கெட் பிரிப்பாங்க? வாயத் தொறந்து ஒரு சத்தம் போட முடியல. நான் திட்ட நெனைக்கிறப்பல்லாம் இவரு கடலைப் பொட்டலத்த நீட்டுறாரு!"

"மச்சான் சொல்றது சரி. ஜெயிச்சும் எனக்கு ஆட முடியல. இனிமே இந்த வேலை ஒனக்கு வேணாம் ராஜி."

ஆளுக்கொரு குறையாக இன்னும் சிலரும் சுற்றி நின்று சொன்னார்கள். முப்பது வருஷப் பெயர் அந்தக் கேற்றடியிலேயே போயிற்று. அவள் கண் நிறைந்துவிட்டது. பெயர் போன துக்கம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். எனக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம், பிறகு வெட்கமாகிவிட்டது. உற்றுப் பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான். மிச்சத்த வீட்டுக்கு வந்து திட்டுங்க, ரெண்டு பேரும்" என்றாள்.

ரமேஸ் தெல்தோட்டை பஸ்ஸை ஒரு தரம் பார்த்தான். பிறகு சேதுராமனின் முச்சக்கரவண்டியில் ஏறினான். யாரும் கூப்பிடாமலே நானும் ஏறினேன்.

கெலிஓயா வீட்டு மேசையில் இரண்டு பேரும் சாப்பிட்டு முடியும்வரை அவள் குறைகளைத்தான் பேசினார்கள். நடுவில் சேதுராமன், தட்டைவிட்டுத் தலை நிமிராமல், "மச்சானுக்கு இன்னும் ஒரு துண்டு போடு" என்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கி, இருந்த கறி முழுவதையும் தம்பியின் தட்டிலேயே கவிழ்த்தாள். எனக்கு வெறும் குழம்புதான் கிடைத்தது. அதைச் சோற்றில் பிசைந்து, விரல் வழித்துச் சாப்பிட்டேன்.