அருள் திருத்திக்கொண்டே இருக்கிறார்

2009 செப்டம்பர், புரட்டாசி மாதத்து முதல் சனிக்கிழமை. அருள் காலையிலிருந்து ஒரு கத்திரிக்காயைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கணினித் திரையில் கட்டம் கட்டமாக நிற்கும் கத்திரிக்காய். காம்பில் ஒரு கட்டத்தைப் பச்சையாக்குகிறார், தள்ளி உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார், அழிக்கிறார். பக்கத்தில் டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. முந்தானை டிசைன் வாங்க வந்த நெசவாளர் ஒருவர் வாசலில் நின்றபடி திரையை எட்டிப் பார்க்கிறார்.

"இன்னாபா இது, புது மாங்கா புட்டாவா?"

"சாயந்தரமா வாண்ணா. அவசர வேல ஓடிக்கினு இருக்குது."

அருளுக்கு முப்பத்தாறு வயது. முசரவாக்கத்தில் பிறந்தவர். பிழைப்பு காஞ்சிபுரத்தில்: வீட்டிலேயே உட்கார்ந்து பட்டுப்புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறார். அவர் நிரப்பும் கட்டங்களைப் பார்த்துத்தான் தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் துளையிடுவார்கள். ஒரு கட்டம் தவறினால் புடவை நெடுக மயிலுக்குக் கழுத்து கோணிக்கொள்ளும். அதனால் கட்டத்திடம் அவருக்கு இருக்கும் பொறுமை அபாரமானது. மனிதர்களிடம் அதில் கால்வாசிகூடக் கிடையாது. தீபாவளி மலருக்காகப் புடவை டிசைன் பற்றிக் கேட்க வந்த எனக்கு, இரண்டு மணி நேரமாகக் கத்திரிக்காயைப் பற்றித்தான் பாடம் நடக்கிறது. அவரிடம் "இது என்ன?" என்று கேட்டுவிடக் கூடாது. விளக்குவார். புரிந்தது என்று தலையாட்டினால், புரிந்ததா என்று சோதிக்க மறுபடி விளக்குவார்.

கத்திரிக்காய் புடவைக்கு இல்லை, கைபேசிக்கு. மகள் தீபிகா ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் திடீரென்று உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். ஆடி மாதத்தில் ஒருமுறை மூச்சும் இழுத்தது. ஏதோ ஒரு உணவு ஒத்துக்கொள்ளவில்லை, எது என்று தெரிகிறவரை எல்லாவற்றையும் குறித்து வாருங்கள், அடுத்த தடவை இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் சொன்னார். வேறொருவர் என்றால் கடையில் ஒரு நோட்டு வாங்கியிருப்பார். மாலை வகுப்பில் புரோகிராம் எழுதக் கற்றிருந்த அருள், பட்டன் கைபேசியில் ஓடுகிற மாதிரி ஓர் அலர்ஜி சாஃப்ட்வேரே செய்துவிட்டார். தன்னுடையது, மனைவி பெருந்தேவியுடையது, பள்ளி இல்லாத நேரத்தில் தீபிகாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஜெயம்மாளுடையது என்று மூன்று கைபேசிகளிலும் ஏற்றியும் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி இல்லை.

முதலில் செய்தது ஒவ்வொரு உணவையும் கிராமில் கேட்டது. "ஒரு கரண்டி சாம்பார் எத்தினி கிராமுன்னு நான் எங்கபா போய்க் கேப்பேன்?" என்றார் ஜெயம்மாள். கிராமை எடுத்துவிட்டு வண்ணம் வைத்தார். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏழெட்டு. எதற்கு எது என்று அருளுக்கே மறந்தது. அப்புறம் படம் வைத்தார். புடவைக்கு வரைந்த கை எதை வரைந்தாலும் புடவையில் வரும் பூ உருவம் போல, புட்டாவாகத்தான் வந்தது. முட்டை தாமரை மொக்குப் போல இருந்தது. மீனுக்கு அன்னத்தின் கழுத்து. அந்தக் கைபேசியில் தமிழ் எழுத்து வராது என்பதால், "பாப்பா என்ன சாப்பிட்டாள்?" என்ற கேள்வியையும் கட்டம் கட்டமாக வரைந்து முதல் திரையில் வைத்திருந்தார். அது அழகாக வந்துவிட்டதால் அதை மட்டும் தொடவே இல்லை.

பெருந்தேவி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கைபேசி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து அன்று காலை வந்தவர், தூக்கக் கண்ணோடு என்னிடம் முறையிட்டார். "விடிய விடிய போன்தாங்க பாக்குறேன். ஒரு போனாவது இவுரு போன் மாதிரி என்னைக் கேள்வி கேட்டு சாவடிக்குதா சொல்லுங்க."

"ஒழுங்கா அமுக்குனா நான் ஏன் மாத்தறேன்?" என்றார் அருள் திரும்பாமலே. அவருடைய குறையிலும் நியாயம் இருந்தது. வீக்கம் பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் வருகிறது என்பது வரை அவருடைய சாஃப்ட்வேர் சொல்லிவிட்டது. அன்று என்ன வித்தியாசமாகச் சாப்பிட்டாள் என்றால் ஒன்றுமில்லை. முட்டையை நிறுத்திப் பார்த்தார்கள், மீனை நிறுத்தினார்கள். புரட்டாசி பிறந்ததும் வீட்டில் கவிச்சியே நின்றுபோனது. வியாழனன்று கோயிலில் ஏதோ உற்சவம், பள்ளிக்கு விடுமுறை. அன்றும் உதடு வீங்கியது. இப்போது சந்தேகம் கத்திரிக்காய் மேல்.

பதினோரு மணிவாக்கில் ஜெயம்மாள் தீபிகாவோடு உள்ளே வந்தார். அருள் கைபேசியை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அக்கா, சனிக்கிழமையானா மட்டும் உனக்கு இன்னா வருது? காலைல இட்லி. அதுக்கப்பறம் ஒண்ணுமே போடல."

"துன்னாத்தானே போடுவேன். இட்லி துன்னுச்சு, இட்லிய அமுக்குனேன். அப்பால ஒண்ணும் துன்னல."

தீபிகா சுண்டுவிரலை நக்கிக்கொண்டிருந்தாள். விரல்களில் எண்ணெய் மினுங்கியது.

"கையில இன்னாடா பாப்பா?"

"பிரசாதம்."

"பெருமாள் கோயில் புளியோதரைபா. சனிக்கிழமையானா போவோமே" என்றார் ஜெயம்மாள்.

"அத ஏன் அமுக்கல?"

ஜெயம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கள்ளமே இல்லை. "பிரசாதத்தப் போயி சாப்பாட்டுல சேப்பாங்களா?"

அருள் வாயைத் திறந்தார். பெருந்தேவி முந்திக்கொண்டார். "அவங்கள ஏன் மொறைக்கிறீங்க? வியாழக்கிழமை கோயிலுக்கு நீங்கதான பாப்பாவக் கூட்டிக்கினு போனீங்க. தொன்னையில வாங்கிக் குடுத்தீங்களே, உங்க போன்ல போட்டீங்களா?"

அருள் தன் கைபேசியை எடுக்கக்கூட இல்லை. போடவில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அதற்குள் தீபிகாவின் மேலுதடு தடிக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் கொடுத்திருந்த மருந்தை ஊற்றி, தெருமுனையில் ஆட்டோ பிடித்து, நான்கு பெரியவர்களும் ஒரு குழந்தையுமாகத் திணித்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். வழியெல்லாம் ஜெயம்மாள் புலம்பினார். "பெருமாள் குடுத்தது எப்படிபா ஒத்துக்காம பூடும்?" பெருந்தேவி மகளின் முதுகைத் தடவியபடி, "பெருமாள் மேல தப்பில்லக்கா. உள்ள போட்டது எதோ ஒண்ணு" என்றார். ஊசி போட்டு ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். வீக்கம் வடிந்தது. புளியோதரையில் வேர்க்கடலையும் இருந்தது, எள்ளும் இருந்தது. இரண்டும் அவர்கள் வீட்டுச் சமையலில் அதிகம் புழங்காதவை. எது என்று வரும் வியாழக்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம், அதுவரை இரண்டும் வாய்க்குப் போகக் கூடாது என்றார் டாக்டர்.

வீடு திரும்பியதும் அருள் கணினி முன் உட்கார்ந்து ஒரு கோபுரம் வரையத் தொடங்கினார். பிரசாதத்துக்குத் தனிப் படமாம். அழகான கோபுரம், ஏழு நிலை. பெருந்தேவி பின்னால் வந்து நின்றார்.

"கல்யாண வீட்டுக்குப் போனா இன்னா பண்ணுவீங்க? பந்தல் வரைவீங்களா? கடைக்காரன் சும்மா குடுக்கிற முட்டாய்க்கு?"

"அப்ப எப்படித்தான் கேக்கச் சொல்ற?"

"வாயில இன்னா போச்சு. அவ்ளோதான்."

அருள் கோபுரத்தை அழித்தார். அழகாக வந்திருந்த அந்த முதல் கேள்வியையும் அழித்தார். பெருந்தேவி சொன்ன மூன்று சொற்களைக் கட்டம் கட்டமாக நிரப்ப ஆரம்பித்தார்.

சாயந்தரம் கைபேசியோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் போனேன். ஜெயம்மாள் முகம் கொடுக்கவில்லை. "எனக்கு வேணாம்பா அது. எம்மேலதான் பழி வரும்." அருள் தரையில் உட்கார்ந்து, கைபேசியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார். கடைசியில் ஜெயம்மாள் அதை எடுத்து, தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு பட்டனை அமுக்கினார். தப்பான பட்டன். திரை எங்கேயோ போனது. அருள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயம்மாள் தானாகவே பழைய திரைக்குத் திரும்பி வந்து, சரியானதை அமுக்கினார்.

வியாழக்கிழமை தீபிகாவை ரத்தம் எடுக்க ஜெயம்மாள்தான் அழைத்துப்போகிறார்.