குளோரின் மேல் விழுந்த பழி

ஆரோக்கியசெல்வியின் தலையில் பழைய மீனைக் கட்டிவிட நினைத்தவர்கள் போர்ட் பிளேரில் ஒருவரும் ஜெயித்ததில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பீட்டருக்குக் கழுத்தை நீட்டிக் கப்பலேறி வந்தவர், பதினைந்து வருஷம் சந்தையில் மீன் விற்றார். நேற்றைய மீனா இன்றைய மீனா என்று கூடையைத் திறக்கும் முன்பே சொல்லிவிடும் மூக்கு அவருடையது. முட்டிவலி வந்து சந்தையை விட்டபின், மின்னி பே பக்கம் ஒரு கிளப்பின் நீச்சல்குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கடல் பக்கத்திலேயே கிடக்க, குளத்துக்குக் காசு கொடுப்பானேன் என்று முதலில் சிரித்தார். கடலில் முதலை உண்டு என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஆறு வருஷமாக அந்தக் குளத்தில் அவர் ஒரு காலைக்கூட நனைத்ததில்லை. ஆனால் அதன் நாடி அவருக்கு அத்துபடி. தினமும் காலையில் ஒரு குப்பி தண்ணீர் எடுத்து, அதில் சோதனை மாத்திரையைப் போடுவார். நல்ல ரோஜா நிறம் வந்தால், கிருமியைக் கொல்லப் போதுமான குளோரின் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஏப்ரலில்தான் வம்பு வந்தது. மழை இல்லை, குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். மேனேஜர் ஸ்ரீதர், குளத்தில் இறங்குமுன் பிள்ளைகள் குளிக்கும் ஷவர்களைப் பூட்டிவிட்டார். இரண்டே வாரத்தில் அந்த இடம் முழுக்க நெடி. பிள்ளைகளுக்குக் கண் சிவந்தது, வறட்டு இருமல் பிடித்தது. அந்தம்மா குளோரினை அள்ளிக் கொட்டுகிறது என்று பெற்றோர் வாட்ஸ்அப்பில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பவுடரைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் ஸ்ரீதர். இது பவுடரின் நெடியே இல்லை, குப்பியில் ரோஜா நிறமே ஏறவில்லை, இன்னும் குறைத்தால் பிள்ளைகளுக்குக் காதில் சீழும் வயிற்றுப்போக்கும்தான் மிச்சம் என்று செல்வி மறுத்தார். அப்படியானால் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஸ்ரீதர். வேலை போவதைவிட, தன் மூக்கை நம்பாத மனிதர்களை நினைத்துத்தான் செல்விக்கு வயிறெரிந்தது.

சனிக்கிழமை முதலில் எகிறியவர் ஷாதிபூர் சிவப்பிரகாசம். கப்பல் டிக்கெட் ஆபீஸ்காரர். பேட்மிண்டன் ஆடிவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட வந்திருந்தார். செல்வி ஒரு வாளி நல்ல தண்ணீரில் குளோரினை அளந்து கலந்து, எல்லோரையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். பெரிதாக ஒரு வாடையும் இல்லை.

"தம்பி, அந்த டீ-சர்ட்டக் கொஞ்சம் கழட்டித் தாங்க."

அவர் நெளிந்தார். கூட்டம் விடவில்லை. செல்வி சட்டையை வாளியில் முக்கிப் பிழிந்து மூடிவைத்தார். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், அதே நெடி குப்பென்று வந்தது.

"இது சுத்தமான குளோரின் நெடி இல்ல. அழுக்கோட மல்லுக்கட்டித் தோத்துப்போன குளோரின். நான் சட்டைய மட்டுந்தான் முக்கினேன். குளத்துக்குள்ள பிள்ளைங்க வேற என்னென்ன விடுதுன்னு நான் வாயத் தொறந்து சொல்லணுமா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு நின்ற சிவப்பிரகாசமும் சிரித்துவிட்டார். டீக் ஹை, சரி அக்கா, இப்போது என்ன செய்யலாம் என்று அவரே கேட்டார்.

செல்வியிடம் விடை தயாராக இருந்தது. ஷவருக்குத் தண்ணீர் இல்லையா, சரி. சாயங்காலம் எப்படியும் வீட்டில் குளிக்கிற குளியலை நீச்சலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள், கக்கூஸுக்கும் அனுப்பிவிட்டுக் கூட்டிவாருங்கள் என்றார். பெற்றோரே ஒத்துக்கொண்டதால் வேறு ஆள் பேச்சு அதோடு நின்றது. பிறகு குளத்தை இரண்டு நாள் மூடி, தேங்கிய அழுக்கை எரித்துத் தீர்க்கப் பவுடரைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை குப்பியில் ரோஜா நிறம் பளிச்சென்று நின்றது, நெடி போயே போய்விட்டது. சாயங்காலம் பிள்ளைகள் ஸ்கூட்டர்களில் தலை சொட்டச் சொட்ட வந்திறங்கினார்கள். செல்வி வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்து உள்ளே விட்டார். அவருக்கு அன்று ஒரே குஷி. கடைசியாக ஸ்ரீதர் தன் மகளோடு வந்தார். மகளின் தலை காய்ந்து கிடந்தது. நம்ம பொண்ணுதானே என்று இழுத்தார்.

செல்வி வழி விடவில்லை. "மேனேஜர் சாப் பொண்ணுக்கும் வேர்க்கும்லா?"

ஸ்ரீதர் அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற பெற்றோரைப் பார்த்தார். மகளை மறுபடி ஏற்றிக்கொண்டு, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.